தூங்காத இரவுகளின் கணக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உறக்கமும் உடல்நலமும்

தருமபுரி மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. புழு இரை எடுப்பதை நிறுத்தி, தலையைச் சற்றே உயர்த்தியபடி அசையாமல் நின்றுவிட்டால், அது தோலுரிக்கப் போகிறது என்று பொருள். அதன் பிறகு அந்தப் படுக்கையை யாரும் தொடுவதில்லை; மல்பெரி இலை போடுவதில்லை; சுண்ணாம்புத் தூளைத் தூவி உலர்வாக வைத்துவிட்டு, புழுக்கள் பழைய தோலைக் கழற்றி எழும்வரை பொறுத்திருப்பார்கள். ஏறத்தாழ 25 நாள் புழுப் பருவத்தில் நான்கு முறை இந்தக் காத்திருப்பு வரும். அவசரப்பட்டுக் கலைத்தால் புழுக்கள் ஒரே சீராக வளராமல் போகும் என்பதும், அந்த இழப்பு கடைசியில் கூட்டின் எடையில்தான் தெரியும் என்பதும் வளர்ப்பவர்களுக்கு அத்துப்படி. அறிவியல் கணக்கில் அது உறக்கமல்ல, தோல் மாறும் பருவம். ஆனாலும் வெளியே எதுவும் நடக்காதது போலத் தோன்றும் நேரத்தில்தான் உள்ளே பெரிய வேலை நடக்கிறது என்ற அறிவு அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. அதே வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இரவு 11 மணிக்குப் படுத்து விடியற்காலை 4 மணிக்கு எழுப்பப்படும்போது, அந்த அறிவு எங்கோ போய்விடுகிறது.

உறக்கத்தை நாம் மிச்ச நேரமாகவே நடத்துகிறோம். வேலை, பயணம், படிப்பு, வீட்டுக் கடமை, கைப்பேசி ஆகிய எல்லாவற்றுக்கும் கொடுத்தது போக எஞ்சுவது எதுவோ அதுவே தூக்கத்துக்கு. 1965-ல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது பெரும்பாலும் மானாவாரி வேளாண்மையை நம்பியிருந்த இந்த மண், இன்று ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளித் தொழிற்சாலைகளின் ஷிஃப்ட் நேரத்துக்கும், பெங்களூருக்குப் போய்வரும் பேருந்து நேரத்துக்கும், நெடுஞ்சாலையில் விடிய விடிய ஓடும் லாரிகளின் நேரத்துக்கும் ஏற்பத் தன் இரவைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருக்கிறது. இதன் விலையைச் சர்க்கரை நோயாக, இரத்த அழுத்தமாக, விபத்தாக, படித்தது நினைவில் நிற்காத குறையாகத் தனித்தனியே செலுத்துகிறோம். இவை அனைத்துக்கும் பின்னால் உறக்கக் குறைவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்று சேர்த்துப் பார்ப்பது அரிது. அதற்குத் தூக்கக் குறைவின் இயல்பே காரணம். தூக்கம் குறைந்தவருக்கு அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது தெரிவதில்லை. இந்தக் கட்டுரை முதன்மையாகச் சொல்ல வருவது இதைத்தான்.

உறக்கம் எப்போது வரும் என்பதை உடலின் இரண்டு ஏற்பாடுகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்ற விளக்கத்தை 1982-ல் சூரிச் நகர ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி முன்வைத்தார். உறக்க ஆய்வின் அடித்தளமாக இன்றும் அது நிற்கிறது. முதல் ஏற்பாடு, விழித்திருக்கும் நேரத்துக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். மூளைச் செல்கள் வேலை செய்யச் செய்ய அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது கூடக் கூடக் கண் சொக்குகிறது. தூங்கும்போது அது கரைகிறது. டீயிலும் காப்பியிலும் உள்ள காஃபின் அடினோசினைக் குறைப்பதில்லை. மூளையில் அது போய் ஒட்ட வேண்டிய இடத்தை மறித்துக்கொள்கிறது, அவ்வளவே. குடித்த காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை 6 மணிக்குக் குடித்த டீயின் பாதி வீரியம் இரவு 11 மணிக்கும் மிச்சமிருக்கும். ‘எனக்கு டீ குடித்தாலும் தூக்கம் வரும்’ என்பவர்களுக்குத் தூக்கம் வரத்தான் செய்கிறது. அதன் ஆழம் குறைந்துபோவதை அவர்கள் தூக்கத்தில் எப்படி அறிவார்கள்?

இரண்டாவது ஏற்பாடு உடல் கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள சிறு நரம்புத் திரள், கண்ணில் விழும் ஒளியைக் கொண்டு பகல் எது, இரவு எது என்று நேரம் குறித்து, உடல் முழுவதற்கும் தாளம் கொடுக்கிறது. இருட்டியதும் உறக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் என்னும் ஹார்மோன் சுரப்பதும், இரவில் உடலின் உள் வெப்பம் இறங்குவதும், விடியலை ஒட்டி விழிப்புக்கு உதவும் கார்டிசால் என்னும் ஹார்மோன் ஏறுவதும் அந்தத் தாளத்தின்படியே நடக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஈயின் உடலிலும் நம் உடலிலும் ஏறக்குறைய ஒரே முறையில் ஓடும் ஒழுங்கு என்றால், அது எவ்வளவு பழையது, எவ்வளவு அடிப்படையானது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

படுத்தது முதல் எழுவது வரை உறக்கம் ஒரே நிலையில் நீடிப்பதில்லை. ஏறத்தாழ 90 நிமிடம் கொண்ட சுற்றுகளாக, ஓர் இரவில் நான்கைந்து முறை, மேலோட்டமான தூக்கத்திலிருந்து ஆழ்ந்த தூக்கத்துக்கும், பின்னர் மூடிய இமைக்குள் விழிகள் விரைந்தசையும் கனவு மிகுந்த தூக்கத்துக்கும் நாம் போய்வருகிறோம். இந்த விழியசைவு உறக்கத்தை 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் கண்டு சொன்னார்கள். கவனிக்க வேண்டியது இதன் பங்கீடு: ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பகுதியிலும், விழியசைவு உறக்கம் விடியலை நெருங்கும் பிற்பகுதியிலும் மிகுந்திருக்கும். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பதும், உடல் திசுக்கள் பழுது நீங்குவதும், இரத்த அழுத்தம் இறங்கி இதயம் இளைப்பாறுவதும் ஆழ்ந்த உறக்கத்தோடு சேர்ந்தவை. நாள் முழுவதும் பட்ட மனக்காயங்களின் கூர்மை மழுங்குவதிலும், புதிதாகக் கற்றது பழைய அறிவோடு இணைவதிலும் விழியசைவு உறக்கத்துக்குப் பங்குண்டு. ஆகவே எட்டு மணி நேரம் தூங்க வேண்டியவர் ஆறு மணி நேரத்தில் எழுந்தால் கால் பங்கை இழந்தார் என்று கணக்கிடுவது சரியல்ல. விடியலை ஒட்டி மிகுந்திருக்கும் விழியசைவு உறக்கத்தில் கால் பங்கைவிடக் கூடுதலாகவே அவர் இழந்துவிடுகிறார்.

எவ்வளவு நேரம் போதும் என்ற கேள்விக்கு, 2015-ல் அமெரிக்காவின் இரண்டு உறக்க மருத்துவ அமைப்புகள், ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பெரியவர்களுக்கு நாள்தோறும் ஏழு மணி நேரமோ அதற்கு மேலோ வேண்டும் என்று அறிவித்தன. 13 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு 8 முதல் 10 மணி நேரமும், 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும் தேவை. ‘எனக்கு ஐந்து மணி நேரமே போதும், பழகிவிட்டது’ என்று பெருமையாகச் சொல்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். மரபணு அமைப்பினால் குறைந்த தூக்கத்தோடு நலமாக வாழ்பவர்கள் மிக மிகச் சிலர். மற்றவர்களின் நிலையை 2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வெளிவந்த ஆய்வு அழுத்தமாகக் காட்டியது. நலமாக உள்ளவர்களை இரண்டு வாரம் தொடர்ந்து, இரவுக்கு ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுக் கவனத்தைச் சோதித்தபோது, கடைசியில் அவர்களுடைய தடுமாற்றம் ஓரிரு இரவுகள் கொஞ்சமும் கண்மூடாதவரின் தடுமாற்றத்துக்கு இணையாக வந்து நின்றது. நாளுக்கு நாள் கவனம் சரிந்துகொண்டே போனாலும், ‘எவ்வளவு தூக்கக் கலக்கமாக உணர்கிறீர்கள்’ என்று கேட்டால் சில நாட்களுக்குப் பின் அவர்களின் பதில் பெரிதாக மாறவில்லை. உடல் பழகவில்லை, குறையை உணரும் புலன்தான் மரத்துப்போயிருந்தது.

இந்த மரத்துப்போன நிலையை நம் ஊரில் மிகக் கொடிதாகக் காட்டும் இடம் தொப்பூர் கணவாய். பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலத்துக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, தொப்பூரில் தொடர்ச்சியான இறக்கமாகவும் வளைவுகளாகவும் கீழிறங்குகிறது. இரட்டைப் பாலம் பகுதியில் நடக்கும் விபத்துகளுக்குச் சாலையின் சரிவு, அதிகப் பாரம், டீசல் மிச்சமாகும் என்று வண்டியை நியூட்ரலில் விடும் பழக்கம் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன, அவை உண்மையே. ஆனால் கியரை எப்போது குறைக்க வேண்டும், முன்னால் போகும் வண்டியின் வேகம் எப்படி மாறுகிறது என்று நொடிக்கு நொடி முடிவெடுக்க வேண்டிய மூளையைப் பற்றியும் பேச வேண்டும். காலை 6 மணிக்கு எழுந்து, பகலெல்லாம் ஓசூரில் சரக்கு ஏற்றக் காத்திருந்து, இரவு 8 மணிக்குப் புறப்படும் ஓட்டுநர் தொப்பூரை அடைய 11 மணி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் 17 மணி நேரம் விழித்திருக்கிறார். 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட அளவீட்டின்படி, 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுச்சாரம் கொண்டவரின் தடுமாற்றத்துக்கு நிகரானது. நம் மோட்டார் வாகனச் சட்டம் குற்றமாகக் கருதும் எல்லை 30 மில்லிகிராம். ஒரு சொட்டும் குடிக்காத அந்த மனிதர், குடித்துவிட்டு ஓட்டுபவருக்குரிய நிலையில் கணவாயில் இறங்குகிறார். ஊதச் சொல்லும் கருவியோ பச்சை விளக்குக் காட்டி அனுப்பிவிடும்.

அதையும் கடந்து, பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரை உடல் கடிகாரம் விழிப்பைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோகும் வேளையில், கண் திறந்தபடியே மூளை சில நொடிகள் உறங்கிவிடுவதுண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி என்பது ஏறத்தாழ 67 மீட்டர் தூரம். அந்த 67 மீட்டரில் வண்டியை ஓட்ட ஆளில்லை. சன்னலைத் திறந்து காற்று வாங்குவதும், முகம் கழுவுவதும், பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவுவதில்லை. வண்டியை ஓரங்கட்டி, ஒரு டீ குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் கண்ணயர்வதே உண்மையில் பயன் தருவது. காஃபின் வேலை செய்யத் தொடங்கவும் தூக்கம் கலையவும் நேரம் ஒத்துப்போகும். அதுவும் தற்காலிகமே. 1961-ல் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி நேர இடைவேளையும், ஒரு நாள் பணிக்கும் மறுநாள் பணிக்கும் நடுவே தொடர்ந்து ஒன்பது மணி நேர ஓய்வும் வேண்டும் என்று வகுத்தது. அறுபது ஆண்டுக்கு முன்பே எழுதப்பட்ட இந்த ஒன்பது மணி நேரம், வாடகையை நடைக்கு நடை கணக்கிடும் தொழிலில் எத்தனை ஓட்டுநர்களுக்குக் கிடைக்கிறது என்பதை நெடுஞ்சாலை ஓர டீக்கடைகளில் பின்னிரவில் சற்று நேரம் நின்றாலே ஊகிக்கலாம். ஓட்டுநரின் ஒழுக்கக் குறைவாக இதைப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. சரக்கு சேர வேண்டிய நேரத்தைக் குறிப்பவர், அவர் தூங்க வேண்டிய நேரத்தையும் சேர்த்துத்தான் குறிக்கிறார்.

ஷிஃப்ட் வேலையின் பாதிப்பு இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது; ஆனால் அது தொடும் மக்கள் தொகை பெரிது. நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் கம்பெனிப் பேருந்தில் வீடு திரும்பும் தொழிலாளியின் கண்ணில் விழும் வெயில், ‘விடிந்துவிட்டது, எழு’ என்று உடல் கடிகாரத்துக்குச் சொல்கிறது. தூக்க அழுத்தம் உச்சத்தில் இருந்தும், கடிகாரம் ஒத்துழைக்காததால் பகல் தூக்கம் குறுகியதாகவும் அடிக்கடி கலைவதாகவும் அமைகிறது. உடல் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் பழகத் தொடங்கும்போது வார இறுதி வந்து, முதல் ஷிஃப்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். வீட்டை விட்டு நகராமலே வாரத்துக்கு ஒருமுறை வேறொரு நாட்டின் நேரத்துக்குப் போய்வருவது போன்ற வாழ்க்கை இது. செரிமானக் கோளாறு, எடை கூடுதல், சர்க்கரை நோய், இதய நோய் ஆகியவை ஷிஃப்ட் தொழிலாளரிடம் மற்றவர்களைவிட அதிகம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியைப் ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை’ என்ற வகையில் 2007-ல் சேர்த்து, 2019-ல் மறு ஆய்வுக்குப் பிறகும் அதை உறுதி செய்தது.

பெண் தொழிலாளர்களின் நிலை இதனினும் கடினம். காலை 7 மணிக்கு வீடு திரும்பும் ஆண் படுத்துவிடலாம். பெண்ணோ அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, துணி துவைத்து, 10 மணிக்கு மேல்தான் தலை சாய்க்கிறார். பிள்ளைகள் திரும்பும் முன் எழவும் வேண்டும். ஐந்து மணி நேரம் கிடைத்தால் அதுவே பெரிது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியதும், தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கும். அந்த விவாதத்தில் கூலி, வார விடுமுறை எல்லாம் பேசப்பட்ட அளவுக்கு உறக்கம் பேசப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. தருமபுரியிலிருந்து ஓசூர் போய்வரப் பேருந்தில் நாலு மணி நேரம். அதோடு 12 மணி நேர வேலையைச் சேர்த்தால் 16. எஞ்சும் எட்டு மணி நேரத்தில் சமையலும் குளியலும் சாப்பாடும் பிள்ளைகளும் போகத் தூக்கத்துக்கு என்ன மிஞ்சும் என்பது சின்னக் கணக்கு.

சர்க்கரை நோய்க்கும் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பலர் அறிந்திருக்கவில்லை என்பதால் அதைச் சற்று விளக்க வேண்டும். 1999-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோய் எதுவுமில்லாத இளைஞர்கள் 11 பேரை ஆறு இரவுகள், இரவுக்கு நாலு மணி நேரம் மட்டும் படுக்கவைத்தார்கள். அந்தக் குறுகிய காலத்திலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை அகற்றும் அவர்களின் உடல்திறன், நீரிழிவின் தொடக்க நிலையை நினைவூட்டும் அளவுக்குக் குறைந்தது. 2004-ல் அதே குழுவினர் செய்த இன்னொரு சோதனையில், இரண்டு இரவுக் குறைத்தூக்கத்துக்குப் பின், வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு இறங்கியது; பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு ஏறியது. தூக்கம் கெட்ட மறுநாள் களியும் கீரையும் பிடிக்காமல், பரோட்டாவும் பஜ்ஜியும் இனிப்பும் தேடிப் போவதற்கு நாக்கை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு அறிவித்தது. உணவு, உடற்பயிற்சி, மாத்திரை ஆகிய மூன்றையும் சரியாகக் கடைப்பிடித்தும் சர்க்கரை இறங்கவில்லை என்று வருந்துபவர், தன் தூக்கத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இரத்த அழுத்தத்துக்கும் இது பொருந்தும். நல்ல உறக்கத்தில் அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு இறங்க வேண்டும். அந்த இறக்கம் நாள்தோறும் கிடைக்காதபோது இதயமும் இரத்தக் குழாய்களும் ஓய்வில்லாமல் தேய்கின்றன. அமெரிக்க இதயக் கழகம் இதய நலத்துக்கான தன் அடிப்படைக் கூறுகளின் பட்டியலில் 2022-ல் உறக்கத்தையும் சேர்த்தது. நோய் எதிர்ப்பைப் பொறுத்தவரை ஒரு சான்று போதும்: சளி உண்டாக்கும் வைரஸை மூக்கில் இட்டுச் செய்த 2015-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கும் மேலாக இருந்தது.

நேரக் கணக்கில் எட்டு மணி நேரம் தூங்கியும் பயனில்லாமல் போகும் நிலை ஒன்றுண்டு. பலத்த குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திணறி மீண்டும் இழுப்பவர்களை நம் வீடுகளில் ‘அசந்து தூங்குகிறார்’ என்று சொல்வது வழக்கம். அது அசந்த தூக்கமல்ல. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழி அடைபடுவதால், இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து, மூளை அவரை இரவு முழுவதும் அவரறியாமலே எழுப்பிக்கொண்டிருக்கிறது. ஸ்லீப் ஏப்னியா எனப்படும் இந்தக் கோளாறு உள்ளவருக்குக் காலையில் தலைவலியும், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண்சொக்கலும், மாத்திரைக்குக் கட்டுப்படாத இரத்த அழுத்தமும் இருக்கக்கூடும். அவர் ஓட்டுநராக இருந்துவிட்டால் ஆபத்து அவரோடு நிற்பதில்லை. இரு மாவட்டங்களிலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. குறட்டைக்காகப் போய்க் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. பெரும்பாலும் அருகில் படுப்பவரே இதை முதலில் கவனிக்க முடியும் என்பதால், கவனித்ததை மருத்துவரிடம் அவரும் வந்து சொல்வது நோயறியப் பெரிதும் உதவும்.

விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் மிகுந்த வட்டாரம் இது. பல விடுதிகளில் இரவுப் படிப்பு 11 மணி வரை நீள்கிறது; காலைப் படிப்பு விடியலுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. பதின்ம வயதில் மெலடோனின் சுரக்கும் நேரமே ஓரிரு மணி தள்ளிப்போகிறது என்பதால், அந்தப் பிள்ளைகளுக்கு இரவு சீக்கிரம் தூக்கம் வராததும், விடியலில் கண்ணைத் திறக்க முடியாததும் சோம்பல் ஆகாது. 1924-லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், மனப்பாடம் செய்த பின் விழித்திருப்பதைவிட உறங்கி எழுந்தால் படித்தது கூடுதலாக நினைவில் நிற்கிறது என்று காட்டினார்கள். பகலில் தற்காலிகமாகப் பதிந்தவற்றை உறங்கும் மூளை மறுபடி ஓட்டிப் பார்த்து நிலையான நினைவாக மாற்றுகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் விளக்கின. தூக்கத்தை வெட்டிப் படிக்க வைப்பது, ஓட்டைக் குடத்தில் இன்னும் வேகமாக நீர் ஊற்றுவதை ஒக்கும்.

‘எங்கள் காலத்தில் விடியற்காலை எழுந்து படிக்கவில்லையா’ என்று பெரியவர்கள் கேட்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் இருட்டியதும் களியுருண்டையைத் தின்று, மண்ணெண்ணெய் விளக்கை அணைத்து, 8 மணிக்கெல்லாம் படுத்தவர்கள். விடியலில் எழும் வழக்கத்தைக் காப்பாற்றிக்கொண்ட நாம், விளக்கணைத்துப் படுக்கும் வழக்கத்தைக் கைவிட்டுவிட்டோம். பாரதக் கூத்து நடக்கும் நாட்களில் இந்த மாவட்டமே விடிய விடிய விழித்திருந்ததும் உண்மைதான். கோடையில், வயல் வேலை குறைந்த நாட்களில், மறுநாள் புளியமர நிழலில் தூங்கிக்கொள்ளும் வசதியோடு வந்த கண்விழிப்பு அது. ஆண்டுக்குச் சில இரவுகளை உடல் பொறுத்துக்கொள்ளும். ஆண்டு முழுவதையும் பொறுக்காது.

கண்விழிப்பை விரும்பி ஏற்காதவர்களும் இங்கே இருக்கிறார்கள். தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பகுதிகளில் ராகி முற்றும் காலத்தில் யானைக் கூட்டங்கள் வயலில் இறங்கும் என்பதால், வாரக் கணக்கில் பரண் மீதும் வரப்பு மீதும் காவல் இருக்கிறார்கள். பகலில் அறுவடை, இரவில் காவல், நடுவே கோழித்தூக்கம். யானையால் அழிந்த பயிருக்கு இழப்பீடு கணக்கிடப்படுகிறது. அதைக் காக்க இழந்த தூக்கத்துக்குக் கணக்கில்லை. தனித்தனியே விழித்திருப்பதைவிட, அண்டை வயல்காரர்கள் சேர்ந்து முன்னிரவு, பின்னிரவு என்று முறை வைத்துக்கொண்டால், ஒவ்வொருவருக்கும் தொடர்ச்சியாக நாலு மணி நேரமாவது கிடைக்கும். துண்டு துண்டான ஆறு மணி நேரத்தைவிடத் தொடர்ந்த நாலு மணி நேரமும் பகலில் ஒன்றரை மணி நேரமும் உடலுக்கு ஆறுதலானவை.

தூங்க நேரம் இருப்பவர்களுக்கும் தூங்கும் சூழல் அமைய வேண்டும். உடலின் உள் வெப்பம் இறங்கினால்தான் தூக்கம் ஆழப்படும். தருமபுரியின் சித்திரை, வைகாசி இரவுகளில் பகல் வெயிலைத் தேக்கிவைத்திருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அது நடப்பதில்லை. மொட்டை மாடியோ, வாசலில் கயிற்றுக் கட்டிலோ, கூரையில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சோ இங்கு மருத்துவ மதிப்புடையவை. ஒலிபெருக்கியைப் பொறுத்தவரை, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 மணி வரையிலான நேரத்தை இரவு என்று வகுத்து, குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் எல்லை விதித்திருக்கின்றன. 2012-ல் உச்ச நீதிமன்றம், டெல்லி ராம்லீலா மைதானத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது நள்ளிரவில் நடந்த காவல்துறை நடவடிக்கை குறித்த தீர்ப்பில், உறக்கத்தை வாழ்வுரிமையின் பகுதியாகவே பேசியது. திருவிழாவோ திருமணமோ அரசியல் கூட்டமோ, பத்து மணிக்குப் பெட்டியை நிறுத்தச் சொல்பவரை ஊருக்கு ஆகாதவர் போலப் பார்ப்பதை நாம் விட வேண்டும். அந்தத் தெருவிலேயே காலை 4 மணிக்குக் கம்பெனிப் பேருந்துக்கு எழ வேண்டியவர்கள் பலர் இருப்பார்கள்.

‘பசி ருசி அறியாது, தூக்கம் பாய் அறியாது’ என்பார்கள். களைத்த உடலுக்கு அது சரி. கவலையுற்ற மனத்துக்குப் பஞ்சு மெத்தையிலும் தூக்கம் வருவதில்லை. அத்தகையோர் பலர் நாடும் இரண்டு வழிகளும் கேடானவை. மது விரைவாகக் கண்ணை மூடவைக்கும். பின்னிரவில் தூக்கத்தை உடைத்து, விழியசைவு உறக்கத்தைக் குறைத்து, குறட்டையையும் மூச்சடைப்பையும் கூட்டும். மருத்துவரைக் கேட்காமல் மெடிக்கலில் வாங்கும் தூக்க மாத்திரை, நாளடைவில் அது இல்லாமல் தூங்க முடியாத நிலைக்குத் தள்ளிவிடும். நீடித்த தூக்கமின்மைக்கு மருத்துவ உலகம் முதலில் பரிந்துரைப்பது, பழக்கங்களையும் தூக்கம் பற்றிய அச்சங்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சு வழிச் சிகிச்சையை. அதன் அடிப்படைகள் எளியவை. எழும் நேரத்தை விடுமுறை நாளிலும் மாற்றாதிருப்பது முதலாவது. படுக்கும் நேரத்தைவிட இதுவே கடிகாரத்தை நிலைநிறுத்துகிறது. எழுந்ததும் வெளிச்சத்தில் நடமாடுவதும், படுக்கைக்குக் கைப்பேசியைக் கொண்டுபோகாமலிருப்பதும், வெகுநேரம் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் அமைதியாக உட்கார்ந்துவிட்டுக் கண் சொக்கும்போது திரும்புவதும் அடுத்தவை. நைட் ஷிஃப்ட் முடிந்து வருபவர் வழியில் கறுப்புக் கண்ணாடி அணிந்து, வீட்டில் சன்னலைக் கெட்டித் துணியால் மறைத்து, உடனே படுப்பது பயன் தரும். ஆனால் தூங்கும் நேரத்தில் அவரை எழுப்பாதிருக்க வீட்டார் உறுதி கொள்ளாவிட்டால் திரைச்சீலையால் ஆவது ஒன்றுமில்லை.

வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண்மணி கூடுதலாக நாலு கேள்வி கேட்கலாம்: எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், குறட்டையோடு மூச்சுத் திணறல் உண்டா, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் அசருகிறதா? படுப்பதற்கும் எழுவதற்கும் இடைப்பட்ட நேரம் மாதக் கணக்கில் ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருந்தாலோ, கடைசி இரண்டில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு எழுதித் தரலாம். இதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. கையில் சுற்றிய பிரஷர் பட்டையில் காற்று ஏறி இறங்கும் நேரத்துக்குள்ளேயே பாதியைக் கேட்டு முடித்துவிடலாம்.